9 ஆண்டு நின்ற கப்சாய்: கிக்கரை மிதிப்பதற்கு முன்

கேள்வி இதுதான்: அப்பா ஓட்டிய ஹோண்டா இஎக்ஸ்5, மலேசியாவில் கப்சாய் என்று சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள், பட்டர்வொர்த் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே 9 ஆண்டாக நிற்கிறது. டாங்கில் பழைய பெட்ரோல் அப்படியே கிடக்கிறது. கிக்கர் இறங்குகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறையில் கேட்டால் எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா, நாமே முயன்று பார்க்கலாமா?

கிக்கர் இறங்குகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியில் பாதி பதில் இருக்கிறது. எஞ்சின் இறுகவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளக்காமல், காபிரேட்டரைத் திறக்காமல் ஓவர்ஹால் என்று சொல்வது அவசரத் தீர்ப்பு. நின்ற வண்டியில் முதலில் கெடுவது திரவம், அடுத்து ரப்பர், அதற்கடுத்து ஒட்டுப்பசை. இரும்பின் முறை கடைசியில்தான் வரும். பெட்ரோல் பிசினாகிறது, எண்ணெய் தண்ணீர் கோர்க்கிறது, டயர் வெடிப்பு விடுகிறது, பிரேக் லைனிங் கழல்கிறது. பிஸ்டனும் கியரும் பெரும்பாலும் விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். காசையும் நேரத்தையும் அந்த வரிசையில் செலவு செய்யுங்கள்.

இதுவரை எத்தனை முறை மிதித்தீர்களோ, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 9 ஆண்டில் சிலிண்டர் சுவரிலும் வால்வை இயக்கும் கேம் மேலும் இருந்த எண்ணெய்ப் படலம் முழுக்க வடிந்திருக்கும். காய்ந்த உலோகத்தில் காய்ந்த உலோகம் உரசுகிற ஒவ்வொரு மிதியும், நிற்கும்போது வராத தேய்மானத்தைக் கொண்டுவரும். கடற்காற்று அடிக்கிற ஊர் வேறு. சிலிண்டர் சுவரில் மெல்லிய துருப் படலம் இருந்தால் பிஸ்டன் ரிங் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போகும், கூடவே கோடும் போடும்.

ஸ்பானருக்கு முன் கெரானை, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தை, தேடி எடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். துரு மூடிய இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினால் எண் மழுங்கிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் எழும்பி வரும். 150 சிசி வரை மோட்டாருக்கு ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 2 வெள்ளிதான். ஆனால் இத்தனை ஆண்டு புதுப்பிக்காத வண்டிக்கு அந்த 2 வெள்ளியை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் பரிசோதனை கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள். அப்பா காலமாகி, வண்டி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றம் தனி வேலை. வாரிசு ஆவணம் இல்லாமல் நடக்காது. சொத்து வாரிசுக்கு மாறும் வேலையைப் பார்க்கும் அமானா ராயாவில் தொடங்க வேண்டியிருக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு டயர் வாங்குங்கள்.

அடுத்தது ஸ்குரூ டிரைவர். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். ஜப்பான் வண்டியில் இருக்கும் சிலுவைத் தலைத் திருகு சாதாரண ஃபிலிப்ஸ் வகை அல்ல, ஜப்பான் தரமான ஜேஐஎஸ் வகை. ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி மேலேறும், தலை உருண்டு போகும். ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்குங்கள்; எஞ்சின் மூடித் திருகுகளுக்குச் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வேண்டும். துருப்பிடித்த திருகுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்துவிட்டுப் படுக்கப் போங்கள். ராத்திரிக்குள் பாதி வேலையை அது முடித்து வைத்திருக்கும்.

இனி வண்டியில் குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். எக்ஸோஸ் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். மண்குளவி கூடு கட்டியிருந்தால் கம்பியால் குத்தி உடைத்து, துகளைக் காற்றடித்து வெளியே தள்ளுங்கள். ஃபில்டர் பெட்டிக்குள் எலிக் கூடு இருக்கலாம், பல்லி முட்டை இருக்கலாம். ஃபில்டர் நுரையை விரலால் தொட்டுப் பாருங்கள். பொடிப் பொடியாக உதிர்ந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது, அந்தத் துகள் நேராகக் காபிரேட்டருக்குள் போகும். எலி கடித்த வயர் இருக்கிறதா என்று முகப்பு மூடிக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிடுங்கள்.

பழைய பெட்ரோலை ஒரு தகர டின்னில் வடியுங்கள். நல்ல பெட்ரோல் தெளிவாக இருக்கும், மூக்கில் குத்தும். உங்களுடையது கட்டன் காப்பி நிறத்தில், பழைய வார்னிஷ் வாடையோடு வரும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் ஆவியாகிப் போய், எஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகிவிட்ட நிலை அது. அதைப் புதுப் பெட்ரோலோடு கலந்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், பழைய எண்ணெய் சேர்த்து வைக்கும் பட்டறையிடம் கொடுங்கள்.

டாங்குக்குள் டார்ச் அடியுங்கள். லேசான செம்மண் நிறப் படலம் மட்டும் என்றால் சிட்ரிக் அமிலம் போதும். கேக் சாமான் விற்கும் கடையில் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் என்ற கணக்கில் கரைத்து, டாங்கைக் கழற்றி, பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்த் திருப்பியையும் (காக்) பெட்ரோல் மட்டம் காட்டும் மிதவையையும் எடுத்துவிட்டு, துளைகளை அடைத்து, கழுத்து வரை நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, புளிப்பு செய்கிற அதே வேலைதான். கட்டித் துரு இருந்தால் ஒரு பிடி நட்டைப் போட்டுக் குலுக்கலாம். போடும்போது எண்ணிப் போடுங்கள், எடுக்கும்போது எண்ணி எடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு, சோடா உப்பு கரைத்த தண்ணீரால் ஒரு முறை, வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசி, உடனே வெயிலிலும் காற்றிலும் உலர்த்துங்கள். இங்கேதான் கெடுத்துக்கொள்வார்கள். அமிலம் சுத்தம் செய்த வெற்று இரும்பு நம் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி மஞ்சள் பூக்கும். உலர்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலில் ஒரு மூடி 2டி எண்ணெய் (2-ஸ்ட்ரோக் வண்டிக்கான எண்ணெய்) கலந்து உள்ளே சுழற்றி எல்லாப் பக்கமும் நனைத்து வையுங்கள். டாங்கின் அடி ஊசிக்கண்ணாக ஒழுகுகிற அளவுக்கு அரித்திருந்தால் மாற்று டாங்கைத் தேடுவதே மேல். பெட்ரோல் இருந்த டாங்கில் வீட்டில் வைத்து வெல்டிங் வைக்கிற யோசனையே வேண்டாம்.

பெட்ரோல் குழாயைப் பேச்சே இல்லாமல் மாற்றுங்கள். மீட்டர் கணக்கில் விற்கிற மலிவான பொருள் அது. பழையதை மடக்கிப் பார்த்தால் வளைவில் வெடிப்பு தெரியும்.

எஞ்சின் எண்ணெய்க்கு வருவோம். அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை 17 ஸ்பானரால் தளர்த்திவிட்டு, கடைசிச் சுற்றுகளை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். எண்ணெயை விடத் தண்ணீர் கனம் என்பதால், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். முதல் சில துளிகளைக் கண்ணாடிக் கிளாஸில் பிடியுங்கள். தெளிந்த தண்ணீர் ஒன்றிரண்டு துளி என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து நீராகிச் சேர்ந்தது. எண்ணெய் முழுவதுமே தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் பால் போல வந்தால் நிறையத் தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று வீட்டில் கேளுங்கள். வெள்ளத்தில் நின்றது என்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, பேரிங்குகளைப் பார்க்க எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும். போல்ட்டில் ஒட்டி வருவதையும் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி வழக்கமானது. செதில் செதிலாக உலோகம் வந்தால் அது நல்லதல்ல.

ராத்திரி முழுக்க வடியவிட்டு, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, 700 மில்லி எண்ணெய் ஊற்றுங்கள். கடையில் மின்யாக் ஹித்தாம் (கறுப்பு எண்ணெய்) என்று மட்டும் கேட்டால் எதையாவது நீட்டுவார்கள். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரக்குறி அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கப்சாயின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து ஓடுவது. காருக்கான வழுவழுப்பு மருந்து சேர்த்த எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். முதல் தவணைக்கு விலை உயர்ந்த எண்ணெய் வேண்டாம், எப்படியும் 100 கிலோமீட்டரில் வடிக்கப் போகிறீர்கள். மட்டம் பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பாருங்கள், ஹோண்டாவின் அளவு அப்படிக் குறிக்கப்பட்டது.

இனி உண்மையான வேலை. பிளக்கைச் சுற்றி மணலும் துருவும் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே 16 சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த மணல் எல்லாம் உள்ளே விழும். வண்டியின் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்த நிலையில் இருப்பதைக் கவனியுங்கள். நிமிர்ந்த எஞ்சினுக்குச் செய்வது போல எண்ணெயை ஊற்றினால் அது கீழ்ச் சுவரிலேயே தேங்கும், மேல்பாதி காய்ந்தபடியே இருக்கும். அதனால் ஊசி போடாத சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் சொருகி, குழாய் முனையை மேல் பக்கமாகத் திருப்பி 5 மில்லி எண்ணெயைப் பீய்ச்சுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, பிளக் போடாமலே, கிக்கரைக் காலால் மிதிக்காமல் கையால் மெதுவாக நாலைந்து முறை இறக்குங்கள். மறுபடி 5 மில்லி. ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஒரே அமர்வில் முடிக்க நினைத்தால் இந்த இடத்தில்தான் கெடும்.

உங்கள் கிக்கர் இறங்குகிறது. இறங்காத வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிக்கரில் ஏறிக் குதிக்காதீர்கள், உடைவது கிக்கர் தண்டின் பல். டீசலும் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து பிளக் துளையில் விட்டு 3, 4 நாள் ஊறவிடுங்கள். பிறகு இடப்பக்கம் பிளைவீல் நட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் நெல்லளவு அசையுங்கள். அரை மில்லி மீட்டர் அசைந்தாலும் வெற்றிதான், மேலும் ஊறவிட்டுத் தொடரலாம். ஒரு வாரம் ஊறியும் அசையாவிட்டால் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) கழற்ற வேண்டும்.

ஹெட்டில் இரண்டு டாப்பெட் மூடிகள் இருக்கின்றன. இரண்டையும் திறந்து, வால்வை அமுக்கும் ராக்கர் மேலும் கேம் மேலும் விழுகிற மாதிரி ஆளுக்கு 10 மில்லி எண்ணெய் விடுங்கள். பெரும்பாலானவர்கள் சிலிண்டருக்கு எண்ணெய் விட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அடியிலிருந்து பம்ப் தள்ளுகிற எண்ணெய் கடைசியாக வந்து சேரும் இடம் ஹெட். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் கேம் காய்ந்து ஓடினால் அதன் மூக்கு தேயும், பிறகு எவ்வளவு டாப்பெட் சரிசெய்தாலும் டிக் டிக் சத்தம் போகாது.

மூடி திறந்திருக்கும்போதே டாப்பெட்டையும், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியையும், பார்த்துவிடலாம். பிளைவீலை இடப்பக்கமிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, டி குறியை எஞ்சினில் உள்ள கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் தப்பான சுற்றில் இருக்கிறீர்கள், இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லி மீட்டர், எஞ்சின் குளிர்ந்த நிலையில். 9 ரிங் ஸ்பானரும் சதுர முனைக்கான சின்ன டாப்பெட் சாவியும் போதும். ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வரவேண்டும். இறுகப் பிடித்தால் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும்.

இப்போது பிளக் இல்லாமலே 30, 40 முறை கிக்கரை மிதியுங்கள். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினைத் தொடுகிற மாதிரி, பிளக் துளையை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எர்த் கொடுக்காமல் மிதித்தால் பொறி போக வழியில்லாமல் காயிலையும், பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியையும் பதம் பார்க்கும். மேல் டாப்பெட் மூடியைத் திறந்து பார்த்தால் ராக்கர் மேல் எண்ணெய் நனைந்து பளபளக்க வேண்டும். பளபளப்பு வந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கம்ப்ரெஷன் கேஜ் இரவல் கிடைத்தால் இப்போதே அளங்கள். திராட்டலை முழுக்கத் திறந்துகொண்டு, முள் ஏறுவது நிற்கும் வரை மிதிக்க வேண்டும். 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் ஸ்டார்ட் ஆவதற்குத் தடையில்லை. குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் பக்கம் தளர்ச்சி, ஏறாவிட்டால் வால்வு பக்கம். ரிங் என்றாலும் உடனே இறக்க வேண்டாம், நின்ற எஞ்சினில் ரிங் பிசின் பிடித்து ஒட்டிக்கிடக்கும், 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் பல வண்டிகளில் தானாகவே விடுபட்டு எண் ஏறும். ஓடிய பிறகும் ஏறாவிட்டால் அப்போது பட்டறை சொன்னதைக் கேட்கலாம்.

உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் காபிரேட்டருக்குள் இருக்கிறது. கழற்றி, அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பச்சையும் பழுப்புமாக ஒரு பாகு காய்ந்து ஒட்டியிருக்கும். அதிரசத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகு ஆறியது போல இருக்கும், வாடைதான் வேறு. மிதவை ஊசி, மிதவை, கேஸ்கெட், ஓ-ரிங் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகே கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். அந்த மருந்து ரப்பரை ஊதவைத்துவிடும், கிண்ணம் மறுபடி மூடாது. ஐடல் கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகை எடுப்பதற்கு முன் முழுக்க உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் திருகாதீர்கள், அதன் ஊசிமுனை இருக்கையில் பதிந்து இரண்டும் கெடும். குறிப்பு தொலைந்தால் ஒன்றரைச் சுற்று வெளியே என்பதில் தொடங்கலாம்.

பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துண்டான ஜெட் இரண்டில் பெரியது மெயின் ஜெட். அது அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. எதிரி சின்னது, பைலட் ஜெட். அதன் துளை மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், தலைமுடி நாலைந்தைச் சேர்த்துவைத்த அளவு. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான வெளிச்சப் புள்ளி தெரிந்தால் திறந்திருக்கிறது. பிறை வடிவில் தெரிந்தால் பாதி அடைப்பு, வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடலில், அதாவது திராட்டலைத் தொடாதபோது, நிற்காது. ஊசியையோ துரப்பணத்தையோ உள்ளே விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் ஜெட் போச்சு. ஸ்பிரேயில் ஊறவைத்து, வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழையால் நுழைத்து, கம்ப்ரெசர் காற்றால் ஊதுங்கள். காபிரேட்டர் உடம்பிலுள்ள காற்றுத் துளைகளையும் ஒவ்வொன்றாக ஊதி, மறுமுனையில் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். திராட்டல் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மிகச் சின்னத் துளைகளை மறப்பவர்கள் அதிகம். ஜெட்டை மட்டும் துடைத்து மாட்டிவிட்டு, ஏன் சோக் (காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்குவது) போட்டால்தான் ஓட்டம் நிற்காமல் இருக்கிறது என்று கேட்பார்கள்.

பூட்டுவதற்கு முன் மிதவை ஊசியைச் சோதியுங்கள். காபிரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை தன் எடையால் ஊசியை மூடும். பெட்ரோல் வரும் முனையில் வாயை வைத்து ஊதுங்கள், காற்று போகக் கூடாது. போனால் ஊசியின் ரப்பர் முனையில் வளையமாகத் தடம் விழுந்திருக்கும். ரிப்பேர் கிட் ஒன்றில் ஊசி, கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்தே வரும். ஸ்பேர் பார்ட் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) மாடல் பெயர் மட்டும் சொல்லாமல் பழைய ஜெட்டையே கொண்டுபோய்க் காட்டி எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். கிட்டோடு வருகிற ஜெட்டின் எண் பல சமயம் வேறாக இருக்கும். பழைய பித்தளை ஜெட் சுத்தமாகிவிட்டால் அதையே திருப்பிப் போடுவது நல்லது.

தீப்பொறியில் சொல்ல அதிகமில்லை. என்ஜிகே சி6எச்எஸ்ஏ பிளக் புதிதாக ஒன்று, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லி மீட்டர். பொறி வரவில்லை என்றால் முதலில் பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், வயர் முனை பச்சை பூத்திருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி திருகுங்கள். பிறகு எர்த் வயர், பிறகு சாவி ஸ்விட்ச். சிடிஐயைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். கடையில் முதலில் விற்கப் பார்ப்பது அதைத்தான். பேட்டரி 9 ஆண்டுக்குப் பிறகு திரும்பி வராது, சார்ஜ் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் இல்லாத மாடலுக்கு 12 வோல்ட் 2.5 ஏஎச், ஸ்டார்ட்டர் உள்ளதற்கு 5 ஏஎச். ஓடத் தொடங்கியதும் நடுத்தர வேகச் சுழற்சியில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.8 வோல்ட் வர வேண்டும். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, புதுப் பேட்டரியைப் பொரித்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ரோன்95 பெட்ரோல் அரை லிட்டர் போதும். சோக்கை இழுத்து, திராட்டலைத் தொடாமல் மிதியுங்கள். காலியாக இருக்கும் கிண்ணம் நிரம்பவே சில விநாடிகள் பிடிக்கும். பற்றியதும் முறுக்காதீர்கள். நின்ற வண்டியை முறுக்கி முறுக்கி உயிர் கொடுப்பதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது, எண்ணெய் மேலேறாத அந்த அரை நிமிடத்தில் அதைவிடக் கெட்ட காரியம் இல்லை. 3 நிமிடம் ஐடலில் விட்டு அணையுங்கள், ஆறவிடுங்கள், அடியில் ஒழுகல் பாருங்கள், டாப்பெட் மறுபடி அளங்கள்.

முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை கொட்டும். நீங்கள் ஊற்றிய எண்ணெய் எரிகிறது. அக்கம்பக்கத்தில் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், துணி காயப்போட்ட நேரம் வேண்டாம். 20 கிலோமீட்டர் ஓடிய பிறகும் நீலப் புகை நிற்காமல் வந்தால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் இறுகிப் போயிருக்கிறது, அது மலிவான ரப்பர். வேகமெடுக்கும் போதெல்லாம் வந்தால் ரிங். சோக்கை விடுவித்ததும் அணைந்தால் பைலட் ஜெட்டை மறுபடி எடுங்கள், அது இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. ஐடல் தானாக ஏறி இறங்கினால் காபிரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஓ-ரிங் காற்று இழுக்கிறது; ஓடும்போது அந்த இணைப்பின் மேல் ஒரு சிட்டிகை தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும், அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

எஞ்சின் ஓடிவிட்டது என்று ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆளைக் கொல்வது பிரேக்கும் டயரும்தான். இரண்டு சக்கரத்தையும் கழற்றி பிரேக் ஷூவைப் பாருங்கள். லைனிங் தடிமனாக இருக்கிறது என்பதால் நல்லது என்று ஆகாது. அது உலோகத்தில் பசையால் ஒட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் நின்றால் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு விட்டிருக்கும். ஓடும்போது துண்டாகக் கழன்று டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆகவே ஷூ இரண்டு ஜோடியும் புதிது. டிரம்மிலுள்ள துருவை 120 உப்புத்தாளால் தேய்த்து, தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், மூச்சில் போகக் கூடாது. பிரேக் கேம் தண்டை வெளியே எடுத்துத் துடைத்து, சொட்டு கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். அது துருவேறி இறுகியிருந்தால் பிரேக் பிடிக்கும், விடாது.

டயர் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் மேல்வரிப் பூ எவ்வளவு இருந்தாலும் சரி, உங்கள் டயர் போக வேண்டியதுதான். முன்னே 2.25-17, பின்னே 2.50-17, டியூபும் ரிம் நாடாவும் சேர்த்து. டயர் கழன்ற நிலையில் ரிம்மின் உட்பக்கத் துருவைப் பாருங்கள், ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று கேட்பது நல்லது, மொத்தென்று கேட்பது தளர்ந்தது. கிளட்ச் கேபிள் உங்கள் வண்டிக்கு இல்லை, முன் பிரேக் கேபிளும் திராட்டல் கேபிளும் உண்டு; இரண்டையும் மாற்றுங்கள். திராட்டலைத் திருகி விட்டால் டப்பென்று தானாக மூட வேண்டும், ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும். செயினில் இறுகிய கணுக்கள் இருந்தால் எண்ணெயில் ஊறவைத்துப் பாருங்கள், மடங்காத கணு ஒன்று மிஞ்சினாலும் ஸ்பிராக்கெட்டோடு சேர்த்து மாற்றுங்கள். பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற 2-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதையே அப்படியே செய்ய வேண்டாம். அங்கே கிராங்க் கேஸின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்தான் விவகாரம். கிளட்ச் பக்க சீல் காய்ந்தால் கியர் எண்ணெயை உறிஞ்சும்: புகை நிற்காது, கியர் எண்ணெய் மட்டம் இறங்கும். காந்தப் பக்க சீல் காய்ந்தால் வெளிக்காற்றை உறிஞ்சும்: கலவை மெலிந்து, ஐடல் தானாக ஏறி, சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 10 ஆண்டு நின்ற 2-ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சீலையும் மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்வது புத்திசாலித்தனம். எண்ணெய் பம்ப் குழாயில் காற்று நின்றிருக்கும் என்பதால், முதல் டாங்குக்கு லிட்டருக்கு 40 மில்லி 2டி எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துகொள்ளுங்கள். பழைய ஹோண்டா சி70 என்றால் சிடிஐ இல்லை, திறந்து மூடிப் பொறி தரும் பாயிண்ட் முனைகள். 600 உப்புத்தாளால் முனையைத் துடைத்து 0.3 முதல் 0.4 மில்லி மீட்டர் இடைவெளி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ரோட் டேக்ஸும் இன்சூரன்சும் கைக்கு வந்த பிறகு, முதல் ஓட்டத்துக்கு ஞாயிறு காலை மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் போதும். பினாங்கு பாலத்தில் மோட்டாருக்கு 2019 முதல் டோல் இல்லை என்பதற்காக அன்றைக்கே தீவுக்குக் கிளம்பாதீர்கள். பதின்மூன்றரைக் கிலோமீட்டர், நடுவில் காற்று, வண்டி நின்றால் ஒதுங்க இடம் குறைவு. ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் நிறுத்தி இரண்டு சக்கர நடுவையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் போகிறது. 100 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்துவிட்டு, இந்த முறை நல்ல எண்ணெயாக ஊற்றுங்கள். பிளக்கையும் எடுத்துப் பாருங்கள்: முனை காய்ந்த மண் நிறத்தில் இருந்தால் கலவை சரி, கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன், இரண்டு மூன்று வாரம் தொடமாட்டேன் என்றால், பெட்ரோல் காக்கைத் திருப்பி மூடி, காபிரேட்டர் கிண்ணத்து அடித் திருகைத் திறந்து உள்ளே இருக்கும் பெட்ரோலை ஒரு சின்ன டின்னில் இறக்கிவிட்டுப் போங்கள்.